இரத்தம் உருவாகும் விதமும் ஒரு தாய் கேட்ட கேள்வியும்

(இரத்த தான நாளையொட்டிக் கோயில் மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற இரத்தநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னை அழைத்தவர்கள் இரத்த தானத்தின் சிறப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு மைலோ அருந்திக்கொண்டிருக்கும் உங்களுக்கு அதன் சிறப்பை நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வேறொன்றைப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். இன்று நீங்கள் கொடுத்த இரத்தத்தை ஈடுசெய்யும் வேலையை உங்கள் உடல் இந்நேரம் தொடங்கியிருக்கும். அந்த வேலை எங்கே நடக்கிறது, அதற்குக் கட்டளை இடுவது யார் என்பதே என் பேச்சு. இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி.

1991-ஆம் ஆண்டு அது. குழந்தைகள் வார்டில் நான் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கணவன், மனைவி, மாமியார் மூவருமாக ஒன்பது மாத ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்து டிரஸர் எழுதிக் கொடுத்த துண்டுக் கடிதம் கையில் இருந்தது. குழந்தையின் உதடும் உள்ளங்கையும் வெளுத்துக் கிடந்தன. வயிற்றின் இடப்பக்கம் வீங்கிய மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. பரிசோதனையில் பீட்டா தலசீமியா என்று உறுதியாயிற்று.

"இது பிறவியிலேயே வந்த நோய், அம்மா. இரத்தத்தில் குறை" என்றேன் நான். அந்த இளந்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிறவியிலயே குறைன்னா பொறந்தப்பவே தெரிஞ்சிருக்கணுமே, டாக்டரம்மா? ஆறு மாசம் வரைக்கும் தளதளன்னு இருந்தானே! அப்புறம் என்ன ஆச்சு?"

இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. பக்கத்தில் நின்ற மாமியாரிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. பேறுகாலம் முடிந்து மருமகள் மறுபடியும் மரம் வெட்டப் போனாள். வேலை முடிந்து வந்த உடல் சூட்டோடு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அந்தச் சூட்டுப் பால்தான் பிள்ளையின் இரத்தத்தை முறித்துவிட்டது என்பது அவருடைய தீர்ப்பு. "பாலால் வந்ததல்ல" என்று மட்டும் நான் சொன்னேன். எதனால் வந்தது என்று விளங்கச் சொல்லவில்லை. வார்டில் கூட்டம், கையில் அடுத்த குழந்தையின் கோப்பு. விளங்காத பதிலை யார் நம்புவார்கள்? அந்தத் தாய் அன்றோடு பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று பின்னால் தாதி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குரிய பதிலை இப்போது உங்களிடம் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும், பொறுத்தருளுங்கள்.

நம் உடலில் ஓடுவது ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். அதிலுள்ள ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அப்படியானால் நாள்தோறும் இறப்பவற்றுக்கு ஈடாகப் புதியவை பிறந்தாக வேண்டும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் வினாடிக்கு 20 லட்சம் என்ற கணக்கில் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. இதோடு வெள்ளையணுக்கள் பல வகை, இரத்தம் உறைவதற்கான தட்டணுக்கள் வேறு. இத்தனைக்கும் தாய்வேர் ஒன்றே. மஜ்ஜையில் மிகச் சிறுபான்மையாக இருக்கும் மூல உயிரணுக்கள்தாம் அவை.

இதை முதலில் கண்ணுக்குப் புலப்படக் காட்டியவர்கள் கனடாவின் டொரோண்டோ நகரத்து ஆய்வாளர்களான ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையை ஊசியால் செலுத்தினார்கள். சில நாள்களில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் எழும்பின. 1961-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஓர் உயிரணுவின் வழித்தோன்றல் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. ஒரே முடிச்சுக்குள் சிவப்பணுவும் இருந்தது, வெள்ளையணுவும் இருந்தது.

இங்கேதான் ஒரு புதிர். மூல உயிரணுவிலும், அதிலிருந்து பிறக்கும் எல்லா வகை உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபு ஏடு. சுமார் 20,000 மரபணுக்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஏடு ஒன்றே என்றால், ஒன்று சிவப்பணுவாகவும் இன்னொன்று கிருமியை விழுங்கும் வெள்ளையணுவாகவும் ஆவது எப்படி?

ஏடு ஒன்றுதான், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்து படி எடுப்பது என்பது உயிரணுவுக்கு உயிரணு வேறுபடுகிறது. அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதும் சில புரதங்களின் வேலை. படியெடுப்புக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். மரபிழையில் தமக்குரிய சில எழுத்துகள் வரிசையாக வரும் இடத்தைத் தேடிப் போய் அமர்ந்துகொள்ளும். சில காரணிகள் அமர்ந்தால் பக்கத்திலுள்ள மரபணு விழித்துக்கொள்ளும்; சில அமர்ந்தால் உறங்கிவிடும். மனித உடலில் இப்படிப்பட்ட காரணிகள் ஏறத்தாழ 1,600 இருக்கின்றன. இரத்தத்துக்கு அவற்றில் ஒரு சிலவே தலையாயவை.

நம் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் இளைஞர்கள் வந்து நிற்கிறார்கள். எல்லாரும் எல்லா வேலையும் செய்யக் கூடியவர்கள். அடுக்களைப் பொறுப்பாளர் ஒருவர் தோளைத் தொட்டு, "தம்பி, நீ இங்கே வா" என்கிறார். அதே பையனைப் பந்தல் பொறுப்பாளரும் கூப்பிடுகிறார். அடுக்களைக்காரர் தமக்கு ஆள் சேர்ப்பதோடு நிற்பதில்லை. பந்தல்காரரின் வாயையும் அடைக்கப் பார்க்கிறார். பந்தல்காரரும் சளைத்தவர் அல்லர். மஜ்ஜையில் நடப்பதும் இது போன்றதே. காட்டா-1 என்ற காரணி சிவப்பணு, தட்டணு ஆகியவற்றின் பக்கம் இழுக்கிறது. பி.யு.1 என்ற காரணி வெள்ளையணுக்களின் பக்கம் இழுக்கிறது. ஒன்றையொன்று அடக்கவும் செய்கின்றன. உவமையில் ஒரு குறை உண்டு: மஜ்ஜையில் பொறுப்பாளர் வெளியே நிற்பதில்லை, அந்த உயிரணுவே தனக்குள் அவரை உண்டாக்கிக்கொள்கிறது.

காட்டா என்ற பெயரைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். மரபிழையின் நான்கு எழுத்துகளில் ஜி, ஏ, டி, ஏ என்று வரும் இடத்தில் அது அமர்வதால் அந்தப் பெயர். 1989-இல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு குழு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஸ்டுவர்ட் ஆர்க்கின் என்பவருடையது. அந்த மரபணுவை அழித்த எலியின் உயிரணுக்களிலிருந்து முதிர்ந்த சிவப்பணு ஒன்றுகூட உருவாகவில்லை என்று 1991-இல் கண்டார்கள். அதே ஆண்டில்தான் அந்தத் தாய் என் முன்னால் நின்றார்.

இந்தக் காரணிகளின் அதிகாரம் எவ்வளவு என்பதைக் காட்டிய இன்னொரு சோதனையும் உண்டு. தாமஸ் கிராஃப் என்பவரின் குழுவினர் 1995-இல், வெள்ளையணு வழியில் போய்க்கொண்டிருந்த கோழி உயிரணுக்களுக்குள் காட்டா-1 காரணியைப் புகுத்தினார்கள். அவை வழி மாறிச் சிவப்பணு, தட்டணு ஆகியவற்றின் முன்னோடிகளாக மாறின. 2004-இல், நோய் எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் குடும்பத்தைச் சேர்ந்த எலியின் வெள்ளையணுக்களை, வேறொரு காரணியைப் புகுத்தி, கிருமி விழுங்கும் உயிரணுக்களாக மாற்றிக் காட்டினார்கள். படித்து முடித்து வேலையில் அமர்ந்தவரைப் பிடித்து வேறு தொழிலுக்கு அனுப்பியது போலத்தான். ஆனால் காட்டா-1, பி.யு.1 இரண்டின் இழுபறிதான் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே தீர்மானிக்கிறது என்று நாங்கள் பாடத்தில் படித்தது அப்படியே நிற்கவில்லை. உயிருள்ள உயிரணுக்களை நாள்கணக்கில் படம் பிடித்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு, முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது, இந்த இரண்டும் அதை உறுதிப்படுத்துகின்றன என்று சொல்லிற்று. விஞ்ஞானத்தில் இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அன்று.

இனி அந்தக் குழந்தைக்கு வருவோம்.

சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பது ஹீமோகுளோபின். பிராண வாயுவைச் சுமப்பது அதுதான். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்பா இழை இரண்டும் பீட்டா இழை இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு இது போதாது. தாயின் இரத்தத்திலிருந்து பிராண வாயுவைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டுமே! ஆகவே சிசுவின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற வேறோர் இழை இருக்கிறது. அது பிராண வாயுவை இன்னும் இறுக்கமாகப் பற்றும். பிள்ளை பிறந்து மூச்சு விடத் தொடங்கிய பிறகு காமா மெல்ல மெல்ல மூடப்படுகிறது, பீட்டா திறக்கப்படுகிறது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் இந்த மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பீட்டா தலசீமியா உள்ள குழந்தைக்குப் பீட்டா மரபணுவில்தான் பழுது. கருவில் இருக்கும்போது அது தேவைப்படவில்லை, ஆகவே பழுது தெரியவில்லை. பிறந்து சில மாதம் வரை காமா தாங்கிப் பிடித்தது, பிள்ளை தளதளவென்று இருந்தான். காமா மூடிய பிறகு பீட்டா வந்து கைகொடுத்திருக்க வேண்டும், வரவில்லை. துணையில்லாத ஆல்பா இழைகள் மஜ்ஜையிலேயே கட்டிகட்டியாய்ப் படிந்து, வளரும் சிவப்பணுக்களைக் கொன்றுவிட்டன. தாய்ப்பாலுக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. அந்தத் தாய் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

அந்தத் தாய் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி உண்டு. நன்றாக இருந்த காமாவை மூடியது யார்? அவர் கேட்டிருந்தாலும் 1991-இல் உலகத்தில் யாருக்கும் அதற்குப் பதில் தெரியாது.

பதிலைத் தேடியவர்களில் முன்னணியில் நின்றவர் நம் மலேசிய மருத்துவர் ஒருவர் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். சுவீ லே தெய்ன் என்ற அம்மையார். பிரிட்டனில் பணியாற்றியபோது அவர் ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தார். பீட்டா இழை சுத்தமாக உருவாகாத நிலையிலும் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் கடுமையாக இல்லை. காரணம், வயது வந்த பிறகும் சிசுப் பருவ ஹீமோகுளோபின் ஏராளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஏழு தலைமுறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பேரின் இரத்தத்தைக் கொண்டு தெய்ன் குழுவினர் தேடினார்கள். தேடல் 6-ஆம் குரோமோசோமில் போய் நின்றது. அங்கே பக்கத்தில் இருந்தது மிப் என்ற படியெடுப்புக் காரணியின் மரபணு. பிறகு 2007-இல் அதே குழுவினர் 2-ஆம் குரோமோசோமில் இன்னோர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஒரு படியெடுப்புக் காரணி. பி.சி.எல்.11ஏ என்று பெயர். வெள்ளையணுக்களின் புற்றுநோயில் முன்பே அறியப்பட்டிருந்ததே தவிர, சிவப்பணுவில் அதற்கு வேலை உண்டென்று அதற்கு முன் யாரும் நினைத்ததில்லை.

மறு ஆண்டே பாஸ்டனில் ஆர்க்கின் குழுவைச் சேர்ந்த விஜய் சங்கரன் என்ற இளம் ஆய்வாளரும் உடனிருந்தோரும், சிவப்பணு முன்னோடிகளில் பி.சி.எல்.11ஏ காரணியைக் குறைத்தால் மூடிய காமா மறுபடி திறக்கிறது என்று காட்டினார்கள். மூடியவர் இவர்தாம் என்று தெரிந்துவிட்டது. காமாவின் பழுதில்லாத மரபணு நோயாளியின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது. பூட்டைத் திறந்தால் போதும்.

ஆனால் எடுத்த எடுப்பில் அந்தக் காரணியை ஒழித்துவிட முடியாது. மூளை வளர்வதற்கும் சில வெள்ளையணுக்கள் உருவாவதற்கும் அதுவே வேண்டும். சிவப்பணுவில் மட்டும் அதை அடக்க வழியுண்டா? 2013-இல் ஆர்க்கின் குழு விடை கண்டது. பி.சி.எல்.11ஏ மரபணுவுக்குள்ளேயே ஒரு சிறு பகுதி, சிவப்பணுக்களில் மட்டும் அதை விழிக்கச் செய்யும் விசையாக இருக்கிறது. அந்த விசையை அழுத்துவது யார் தெரியுமா? நாம் முன்பு பார்த்த அதே காட்டா-1. சிவப்பணுவைப் பெற்று வளர்க்கும் அதே காரணிதான் காமாவை மூடுபவரையும் எழுப்பிவிடுகிறது. அது அமரும் அந்தச் சில எழுத்துகளைக் கத்தரித்துவிட்டால், சிவப்பணுவில் மட்டும் பி.சி.எல்.11ஏ குறைந்துபோகும், மூளைக்கோ வெள்ளையணுவுக்கோ ஒன்றும் நேராது. 2024-ஆம் ஆண்டு தெய்ன் அம்மையாருக்கும் ஆர்க்கினுக்கும் ஹாங்காங்கின் ஷா பரிசு இணைந்து கிடைத்தது. நம் நாட்டுப் பத்திரிகைகளில் இது முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கிரிஸ்பர் என்ற மரபுக் கத்தரியைக் கொண்டு இந்தச் சிகிச்சை 2019-இல் முதல் நோயாளிகளுக்குச் செய்யப்பட்டது. 2023 நவம்பரில் பிரிட்டன் இதை அங்கீகரித்தது. அமெரிக்கா தலசீமியாவுக்காக 2024 ஜனவரியில் அனுமதித்தது. அந்த ஆண்டில் வெளிவந்த முடிவுகளின்படி, போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 தலசீமியா நோயாளிகளில் 32 பேர் ஓராண்டுக்கும் மேலாக இரத்தம் ஏற்றாமலே இருந்தார்கள். நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களையே எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்துவதால் பொருத்தமான உடன்பிறப்பைத் தேட வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இனி நாம் இரத்தம் கொடுக்க வேண்டாம் போலிருக்கிறதே என்று எவரும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு நிர்ணயித்த விலை 22 லட்சம் அமெரிக்க டாலர். அதற்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்து தர வேண்டும். பல வாரம் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். பிள்ளைப் பேற்றுக்கும் அதனால் பாதகம் வரலாம். உலகத்துத் தலசீமியா நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இன்றும் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிறர் தரும் இரத்தத்தால்தான் நடமாடுகிறார்கள். அந்த இரத்தத்தோடு வந்து சேரும் இரும்பை உடல் தானாக வெளியேற்ற முடியாது. ஒரு பையில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இதயத்திலும் ஈரலிலும் அது படிந்துவிடும். முன்பெல்லாம் அதை வெளியேற்ற, வாரத்தில் ஐந்தாறு இரவு வயிற்றுத் தோலில் ஊசியைக் குத்திப் பம்பை இணைத்துக்கொண்டு படுக்க வேண்டும். இப்போது மாத்திரை வந்துவிட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தாய், தந்தை இருவரும் இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள பிள்ளை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவருக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. நம் நாட்டில் 2016 முதல் படிவம் நான்கு மாணவர்களுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. தாள் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். "பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் தட்டிப்போகும்" என்று அதைக் கிழித்துப் போட்ட வீடுகளை நான் அறிவேன்.

அன்று ஒன்பது மாதக் குழந்தையாக வந்தவர் இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டார். கணக்கெழுதும் வேலை பார்க்கிறார். அவருடைய அக்காளின் மஜ்ஜை பொருந்தவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும், அவர் இரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் நாள்களில் சிலமுறை போய்ப் பார்த்ததுண்டு. அண்மையில் ஒரு நாள் கைப்பேசியில் படித்ததைக் காட்டி, "டாக்டர், இது எனக்குச் சரிப்படுமா?" என்று கேட்டார். இரும்பு படிந்த ஈரலின் நிலை, வயது, செலவு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய தாயாரும் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நான் ஒரு தாளில் ஆல்பா, பீட்டா, காமா என்று கோடு போட்டு, ஆறு மாதத்தில் எது மூடிற்று, எது திறக்கவில்லை என்று சொல்லி முடித்தேன். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பால் இல்ல" என்றார்.

"பால் இல்லை, அம்மா."

"இந்த ஆறு மாசக் கணக்கு உங்களுக்கு அப்பவே தெரியுமா, டாக்டரம்மா?"

காமாவை மூடியவர் யாரென்பதுதான் பின்னால் தெரிந்தது. ஆறு மாதக் கணக்கு நான் மருத்துவக் கல்லூரியிலேயே படித்தது. தெரியும் என்று சொன்னேன்.

"எங்க மாமியார் போயிப் பதினாலு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.